செத்தது பெட்டி இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும் கூட. டிஜே சமாச்சாரம் எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் நடுவில் இரண்டு பத்தி தாண்டிப் போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

ஒரு மென்பொருளின் பழைய வெர்ஷனை யாராவது வைத்திருந்தால் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. "இன்னுமா அதை வச்சிருக்க? அப்டேட் பண்ணுடா." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. கல்ச்சுரல்ஸ் மேடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்து மேடைக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறேன். பழைய லேப்டாப், பழைய மென்பொருள், அதன் பின்னால் பதினைந்து வருஷமாக அதையே வாசித்துக் கை பழகிய ஒரு மனிதர். அவரைப் பார்த்து, நேற்று ஆப் இறக்கிக்கொண்ட பையன் சிரிப்பான்.

இந்தச் சிரிப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். அதைவிட, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடக்கும் வியாபாரத்தை எதிர்க்கிறேன்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். பெயர் ஸ்க்ராட்ச் லைவ்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் செராட்டோ நிறுவனமும் அமெரிக்காவின் ரேன் நிறுவனமும் சேர்ந்து 2004-ல் கொண்டுவந்தது இது. மென்பொருள் செராட்டோவுடையது, பெட்டி ரேனுடையது. பெட்டியின் பெயர் எஸ்எல்1. டர்ன்டேபிளுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் பெட்டி உட்காரும், யுஎஸ்பி வயர் லேப்டாப்புக்குப் போகும். மென்பொருளுக்குத் தனியாகக் காசு கிடையாது. ஆனால் பெட்டி இல்லாமல் அதை வைத்துத் தட்டு ஓட்ட முடியாது. அதாவது பெட்டிதான் பூட்டுக்குச் சாவி.

இது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். டர்ன்டேபிளில் ஏறும் தட்டில் பாட்டே கிடையாது. 1000 ஹெர்ட்ஸில் "பீ..." என்று ஒரு சத்தம் மட்டும். தட்டு வேகமாகச் சுற்றினால் அந்தச் சத்தத்தின் சுருதி ஏறும், மெதுவானால் இறங்கும். அதை வைத்து வேகம் தெரிந்துவிடும். இடது, வலது இரண்டு சேனலிலும் அதே சத்தம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாகப் பதிந்திருக்கும். எது முந்துகிறது என்று பார்த்தால் தட்டு முன்னால் போகிறதா, கை பின்னால் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும் எண்கள், ஊசி இப்போது தட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். இதையெல்லாம் கணினி படித்து, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் எம்பி3-ஐ அதே மாதிரி ஓட்டும். கை தட்டில். பாட்டு கணினியில். நூறு தட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இந்த யோசனை செராட்டோ கண்டுபிடித்தது இல்லை. அதற்கு முன்பே நெதர்லாந்தின் என்டூஐடி உருவாக்கிய ஃபைனல் ஸ்க்ராட்ச் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டாண்டன் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாலேயே பெர்லின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ட்ராக்டர் ஸ்க்ராட்சும் வந்தது. ஆனாலும் ஹிப் ஹாப் டிஜேக்கள் பெருங்கூட்டமாகப் பிடித்துக்கொண்டது ஸ்க்ராட்ச் லைவைத்தான். காரணம் என் பார்வையில் ரொம்ப எளிது. அது குறைவாகச் செய்தது, செய்ததை ஒழுங்காகச் செய்தது. சிங்க் பட்டன் கிடையாது. இரண்டு பாட்டின் அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், தாளத்தைச் சேர்ப்பது உன் காது, உன் கை. மேடையில் நின்றுபோகாமல் ஓடுவதுதான் அதன் பெரிய "வசதி".

சரி, பிறகு என்ன ஆனது?

2012-ல் செராட்டோ டிஜே என்று புதிய மென்பொருள் வந்தது. ஸ்க்ராட்ச் லைவ் 2.5 வரிசையோடு நின்றது. 2010-களின் நடுவில் அதற்கான ஆதரவும் முடிந்தது. புதிய மென்பொருளுக்குள் வர அனுமதி உள்ள ரேன் பெட்டிகளின் பட்டியல் வந்தபோது எஸ்எல்1 அதில் இல்லை. 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் கேட்டலினா இயங்குதளத்தில் 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தியது. ஸ்க்ராட்ச் லைவ் 32 பிட். மேக்கில் அதன் கதை அத்தோடு முடிந்தது. பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். பேட்டரி உப்பினாலோ ஹார்ட் டிஸ்க் போனாலோ அவர்கள் கதையும் அவ்வளவுதான்.

இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டர்ன்டேபிளைப் பாருங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. முதல் மாடல் 1972. டிஜேக்கள் கொண்டாடும் எம்கே2 1979. 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் அந்த ஆறு வருஷம் யாருடைய டர்ன்டேபிளாவது நின்றதா? ஒன்று கூட நிற்கவில்லை. கம்பெனி தூங்கினால் தூங்கட்டும், கரண்ட் இருந்தால் தட்டு சுற்றும். கெட்டுப்போனால் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் போதும். 1979-ல் வாங்கினது இன்றும் வேலை செய்கிறது, 2004-ல் வாங்கினது "ரொம்பப் பழசு". இதில் எது முன்னேற்றம், நீங்களே சொல்லுங்கள்.

"மச்சி, ஹார்ட்வேர் வேற, சாஃப்ட்வேர் வேற. சாஃப்ட்வேர்னா அப்படித்தான் ஆகும்" என்று ஒரு குரல் கேட்கிறது. இந்தப் பதிவை எழுத வைத்ததே இந்தக் குரல்தான். ஏனென்றால் அது பொய். அதற்கு ஆதாரம் இருக்கிறது.

லினக்ஸ் கெர்னலில் யுஎஸ்பி ஆடியோ சாதனங்களுக்கான பகுதி ஒன்று இருக்கிறது. அடம்பிடிக்கும் சாதனங்களை எப்படி நடத்துவது என்று அதில் ஒரு அட்டவணை. அந்த அட்டவணையில் ரேன் எஸ்எல்1 என்று பெயர் போட்டே ஒரு குறிப்பு இருக்கிறது. சில வரிதான். "இதைச் சாதாரண சவுண்ட் கார்டு மாதிரி நடத்து" என்பதுதான் அதன் சாரம். செய்தவர்கள் தன்னார்வலர்கள். சில வரிகளில் பெட்டி மறுபடி ஒரு சவுண்ட் கார்டு. தட்டில் இருக்கும் அந்த "பீ..." சத்தத்தைப் படிக்கும் வித்தையையும் எக்ஸ்வாக்ஸ் என்ற சின்ன மென்பொருள் கண்டுபிடித்து, மூல நிரலோடு பொதுவில் வைத்துவிட்டது. அந்த நிரலை மிக்ஸ் (கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அந்த மிக்ஸ்) எடுத்துக்கொண்டது. அது 2001-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவர் ஆரம்பித்த வேலை. இன்றுவரை இலவசம், இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

அப்படியென்றால் செத்தது பெட்டி இல்லை. தட்டும் இல்லை. கூலி வாங்காதவர்கள் சில வரியில் எழுப்பி உட்கார வைக்கும் பொருளை, காசு வாங்கினவர்கள் "ஆதரவு முடிந்தது" என்று சொல்லிப் படுக்க வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் இயற்கை மரணம் இல்லை.

பெட்டியை விடுங்கள். அது போனால் இன்னொன்று வாங்கலாம், கஷ்டப்பட்டாவது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு டிஜேயின் உழைப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? பாட்டில் இல்லை. பாட்டை யாரும் வாங்கலாம். ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடத்தில் நுழையலாம், எங்கே டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிறது, எங்கே வெளியேறலாம் என்று கேட்டுக் கேட்டு வைத்த குறிகளில் இருக்கிறது. க்யூ பாயிண்ட் என்பார்கள். ஆயிரக்கணக்கான பாட்டு, பல வருஷ ராத்திரிகள். செராட்டோ இந்தக் குறிகளை எம்பி3 கோப்பின் உள்ளேயே ஒரு ஓரத்தில், தனக்கு மட்டும் புரியும் பாஷையில் எழுதி வைக்கும். உன் கணினி, உன் கோப்பு, உன் காது, உன் உழைப்பு. அகராதி மட்டும் கம்பெனியிடம். அந்த அகராதியையும் ஊர் பேர் தெரியாத சிலர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் வந்த மிக்ஸ் 2.3 அந்தக் குறிகளைப் படிக்கிறது. அவர்கள் செய்யாவிட்டால்? என் உழைப்பைப் படிக்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இனி வழக்கமான எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். இதற்கு முன்னால் நண்பர்களுடன் சண்டை போட்டதில் சேர்ந்தவை.

"கம்பெனிக்காரன் சாப்பிட வேண்டாமா?" தாராளமாகச் சாப்பிடட்டும். புது வெர்ஷன் போடட்டும், காசு வாங்கட்டும். 2004-ல் விற்றதற்கு ஆயுசு முழுக்க இலவச சேவை செய் என்று நான் கேட்கவில்லை. சமைப்பதை நிறுத்துவது உன் இஷ்டம், நான் சமைக்கக் கூடாது என்று அடுப்பைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகாதே என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையா?

"புதுசு நல்லாத்தானே இருக்கு?" இருக்கிறது. 2022-ல் செராட்டோவில் ஸ்டெம்ஸ் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்து குரலைத் தனியாக, தாளத்தைத் தனியாகப் பிரிக்கலாம். அதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும். ஆனால் புதிதாக இருப்பது மட்டுமே பத்திரம் என்று நினைக்கிறவர்கள் அந்த 2019, 2020 வருஷங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபரில் அதே கேட்டலினாவோடு ஐட்யூன்ஸ் போனது. ஐட்யூன்ஸ் எழுதி வைக்கும் பட்டியல் கோப்பை நம்பியிருந்த டிஜே மென்பொருள்கள் பாட்டுப் பட்டியலைக் காணாமல் முழித்தன. 2020 ஏப்ரலில் ரெக்கார்ட்பாக்ஸ் 6 மாதச் சந்தாவோடு வந்தது. 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை எல்லா டிஜே மென்பொருள்களிலிருந்தும் கழன்றுகொண்டது. ஐந்து வருஷம் கழித்து 2025-ல் தான் திரும்பி வந்தது. பத்து மாதத்துக்குள் மூன்று அடி. மூன்றும் ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள் தலையில்தான் விழுந்தன. அப்டேட் செய்யாமல், பாட்டைத் தன் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு பழைய வெர்ஷனில் ஓட்டியவர் அன்றைக்கும் வாசித்தார்.

"பாதுகாப்புப் பிரச்சினை வரும்." நெட் இணைப்பே இல்லாத, பாட்டு போடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத லேப்டாப்புக்கு என்ன பாதுகாப்புப் பிரச்சினை? பேங்க் கணக்கை அதில் பார்க்காதே, முடிந்தது.

"சும்மா பாட்டு போடறதுக்கு இவ்வளவு பில்டப்பா? அது என்ன இசைக்கருவியா?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி :-) எஸ்எல்-1200-ஐ டெக்னிக்ஸ்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கத்தான் செய்தார்கள். 1970-களின் நடுவில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட் விஸார்ட் தியோடர் என்கிற பையன், ஓடுகிற தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்தால் வரும் சத்தத்தையே இசையாக்கினான். ஸ்க்ராட்ச் பிறந்த கதை அதுதான். தட்டைக் கையால் தொடக் கூடாது என்று சொல்லி வளர்த்த காலத்தில் செய்த காரியம். எந்தக் கம்பெனியின் அனுமதியும் வாங்கவில்லை. ஒரு பொருளை இசைக்கருவி ஆக்குவது தயாரித்தவன் இல்லை, வாசிக்கிறவன். அப்படி ஆன பிறகு அதன் ஆயுளை நிர்ணயிக்கும் உரிமை தயாரித்தவனுக்கு மட்டும் எப்படி இருக்க முடியும்?

நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். மிருதங்கத்தின் தோல் கிழிந்தால் மூட்டுப் போடுகிறவரிடம் கொடுப்போம். கட்டை அதேதான், தாத்தா வாசித்த கட்டையாகக் கூட இருக்கும். "உங்கள் மிருதங்கத்துக்கான ஆதரவு இந்த மார்ச்சோடு முடிகிறது, தயவுசெய்து மிருதங்கம் 4.0-க்கு மாறிக்கொள்ளவும்" என்று ஒரு வித்வானுக்குக் கடிதம் வந்தால் சபாவே சிரிக்காதா? டிஜேக்கு வந்தால் மட்டும் ஏன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் ஆச்சா, என்ன வேண்டும் உனக்கு என்பீர்கள். மூன்றே மூன்று.

ஒன்று. ஆதரவை நிறுத்தும் நாளில் கடைசி வெர்ஷனை, எந்த சர்வரையும் கேட்காமல் தானாக நிறுவிக்கொள்கிற மாதிரி பொதுவில் வைத்துவிட வேண்டும். ஆக்டிவேஷன் சர்வர் மூடினால் நான் காசு கொடுத்து வாங்கியது காணாமல் போகக் கூடாது.

இரண்டு. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் என்ன பாஷை பேசப்படுகிறது என்ற விவரத்தை வெளியிட வேண்டும். மூல நிரல் முழுவதையும் கொடு என்று கூடக் கேட்கவில்லை. விவரம் போதும், மீதியை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சில வரியில் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று மேலேயே சொன்னேன்.

மூன்று. க்யூ பாயிண்ட், பாட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் எல்லோரும் படிக்கக்கூடிய வடிவத்தில் வெளியே எடுக்க ஒரு பட்டன். அது என் உழைப்பு.

நடக்காத கனவு என்று சொல்லாதீர்கள். டூம் விளையாட்டு 1993-ல் வந்தது. 1997-ல் ஐடி சாஃப்ட்வேர் அதன் மூல நிரலையே வெளியிட்டது. இன்று எதில் வேண்டுமானாலும் டூம் ஓடுகிறது, கம்பெனி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பிளெண்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். அதை வைத்திருந்த கம்பெனி மூடியபோது, 2002-ல் பயன்படுத்தியவர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டி நிரலை விடுவித்தார்கள். சில வாரங்களில் சேர்ந்த காசு. இன்று அது உலகம் முழுக்கப் படிக்கிற பிள்ளைகள் கையில் இருக்கிறது. 2024-ல் தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை மூடி, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையிலிருந்தே அதைப் பிடுங்கினார்கள். அதற்கு எதிராகக் கிளம்பிய இயக்கம் ஐரோப்பாவில் 2025-ல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. விளையாட்டுக்காரர்களுக்கு வந்த கோபம் இசைக்காரர்களுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கோபம் வர இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ரேன் 2016-ல் இன்மியூசிக் என்ற பெரிய குழுமத்துக்குள் போனது. 2020-ல் ஸ்டாண்டனும் அதே வீட்டுக்குப் போனது. 2023-ல் பயனியர் டிஜே பெயரில் விற்கும் ஆல்ஃபாதீட்டா, செராட்டோவையே வாங்கப் பார்த்தது. நியூசிலாந்தின் வர்த்தக ஆணையம் போட்டி குறைந்துவிடும் என்று சொல்லி 2024 ஜூலையில் அனுமதி மறுத்தது. ஒரு அரசாங்க ஆணையத்துக்கே கவலை வந்திருக்கிறது. நமக்கு வர வேண்டாமா? நாலு கடை இருக்கும்போதே பழைய வாடிக்கையாளருக்கு இந்த மரியாதை என்றால், ஒரே கடை ஆகிவிட்டால்?

நம்மால் ஆனதைச் சொல்லி முடிக்கிறேன். காலேஜில் டிஜே செய்யும் மக்களே, இது உங்களுக்கு. இப்போது ஒழுங்காக ஓடும் வெர்ஷனின் இன்ஸ்டாலரையும் டிரைவரையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வாசிக்கும் லேப்டாப்பில் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் இயங்குதளத்தை அப்டேட் செய்யாதீர்கள். பாட்டுக் கோப்புகளுக்கு நகல் எடுங்கள், குறிகளோடு சேர்த்து. புதுப் பெட்டி வாங்கப் போனால் கலர் லைட்டைப் பார்க்காதீர்கள். "கம்பெனி டிரைவர் இல்லாமலே இது சவுண்ட் கார்டாக வேலை செய்யுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு பதில் தயாராக இருக்கும். ஒரு தடவையாவது மிக்ஸை நிறுவிப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும், வெளியேற ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், அடுத்த முறை மேடையில் ஒருவர் பழைய லேப்டாப்பைத் திறந்து, பழைய வெர்ஷனை ஓட்டி, இரண்டு தட்டையும் காதால் சேர்த்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பாருங்கள்.

திட்ட விரும்புபவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். "அப்டேட் பண்ணுடா" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குத்தான் இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறேன் :-)